வெளிநாட்டில் ஓய்வுக்காலம்: மருந்து ஒருநாளும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

நாடு மாறுவதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்த மாத்திரை அட்டைகள், இன்சுலின் பேனாக்கள், பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். நான் 31 வருஷம் கணக்கெழுதியவள். எதையும் எண்ணி எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும். என் கணவருக்கு இதயத்தில் உலோக வால்வு இருக்கிறது. அதற்காக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கூடவே மெட்டோபிரோலால், அட்டோர்வாஸ்டாட்டின். எனக்குத் தைராய்டு, சர்க்கரை, பிபி மூன்றும் உண்டு. லெவோதைராக்ஸின், மெட்ஃபார்மின், கிளார்ஜின் இன்சுலின், லோசார்டன். ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு மருந்துகள். எதையும் நாமாக நடுவில் நிறுத்திவிட முடியாது.

எண்ணி முடித்ததும் ஒன்று உறைத்தது. மருந்தெல்லாம் மேசையில் இருக்கிறது. ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு, இதற்கு முன்னால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற விவரம் மட்டும் எங்கேயும் இல்லை. அது முழுக்க எங்கள் டாக்டரின் நினைவில் இருந்தது. 18 வருஷமாக எங்களைப் பார்த்தவர். வாயைத் திறப்பதற்குள் என்ன தொந்தரவு என்று பாதி கண்டுபிடித்துவிடுவார். அவர் நம்மோடு வரப்போவதில்லை. அவருக்குத் தெரிந்தது காகிதத்தில் ஏறி நம்மோடு வரவேண்டும். வெளிநாட்டில் போய் ஓய்வாக இருக்க நினைக்கிற யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வீடு, விசா, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் காகிதத்தைத் தயார் செய்யுங்கள்.

டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய கடிதம்

கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் அவசரத்தில் நாலு வரிதான் கிடைக்கும். குறைந்தது மூன்று மாதம் முன்பே, இதற்காகவே ஒரு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். கையில் ஒரு வரைவும் கொண்டுபோங்கள். நான் எட்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் அதைப் பார்த்துப் பதில் சொல்லச் சொல்ல, உதவியாளர் தட்டச்சு செய்தார்.

என்ன நோய், எந்த வருஷம் கண்டுபிடித்தார்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது முதலில் வரவேண்டும். அப்புறம் ஒவ்வொரு மருந்துக்கும் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒருநாளைக்கு எத்தனை வேளை, எதற்காக என்ற நான்கும் வேண்டும். "எதற்காக" என்பதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மெட்டோபிரோலால் பிபிக்கும் கொடுப்பார்கள், இதயத் துடிப்பைச் சீராக்கவும் கொடுப்பார்கள், மார்புவலிக்கும் கொடுப்பார்கள். காரணம் தெரியாத புது டாக்டர், "பிபிதான் நன்றாக இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்டால் அதில் தப்பே இல்லை. திடீரென்று நிறுத்தக்கூடாத மருந்து அது என்பதால் காரணம் எழுத்தில் இருப்பது முக்கியம்.

இன்னொரு பகுதி, நிறுத்திய மருந்துகள். எது, எப்போது, ஏன் நிறுத்தினார்கள் என்பது. என் கடிதத்தில் இந்தப் பகுதி விட்டுப்போயிருந்தது. கேள்விப் பட்டியலை எழுதியது நான்தான், அதனால் விட்டதும் நான்தான். பல வருஷத்துக்கு முன்னால் எனக்கு பிபிக்கு ராமிபிரில் கொடுத்து, வறட்டு இருமல் வந்ததால் லோசார்டனுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வகை மருந்துகளுக்கு வறட்டு இருமல் தெரிந்த பக்கவிளைவுதான். நானே அதை மறந்துவிட்டேன். இங்கே வந்து நான்காவது மாதம், சர்க்கரை இருப்பவர்களுக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது இதுதான் என்று புது டாக்டர் ராமிபிரிலுக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் ராத்திரியெல்லாம் இருமல். எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சில் ஒன்றுமில்லை. ஒருநாள் பின்னிரவில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது, இதே வறட்சியை இதே மாதிரி முன்பும் அனுபவித்திருக்கிறேனே என்று தோன்றியது. மறுநாள் போய்ச் சொன்னேன். மருந்தை மாற்றினார், கொஞ்ச நாளில் இருமல் நின்றது. கடிதத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது.

ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், கடைசி ஒரு வருஷ ரத்தப் பரிசோதனை முடிவுகள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், பழைய டாக்டரை அணுகும் முகவரி ஆகியவையும் கடிதத்தோடு போகட்டும். இதய நோயாளிகள் நல்லபடியாக இருக்கும்போது எடுத்த இசிஜி ஒன்றின் நகலைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மார்பு அழுத்துகிறது என்று அவசரப் பிரிவுக்குப் போனால், அங்கே எடுக்கிற இசிஜியில் தெரிவது புதிதா பழையதா என்று ஒப்பிட்டுச் சொல்ல அது உதவும். ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். அது பீரோவில் கிடக்கக்கூடாது, பர்ஸில் இருக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் டாக்டரிடமும் காட்ட வேண்டும், ஏனென்றால் சில பல் சிகிச்சைகளுக்கு முன்னால் அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம்.

போகிற நாட்டின் மொழி வேறு என்றால், மொழிபெயர்ப்பையும் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். முழுக் கடிதத்துக்கும் கட்டுப்படியாகாது என்றால் நோய், மருந்து, ஒவ்வாமை அடங்கிய ஒரு பக்கத்தையாவது. தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 03/04 என்று இருந்தால் ஒரு நாட்டில் ஏப்ரல் மூன்று, இன்னொரு நாட்டில் மார்ச் நான்கு.

பெயரில் ஏமாறாதீர்கள்

அட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது எல்லை தாண்டினால் செல்லாது. சில சமயம் செல்லாமல் போவதைவிட மோசம், வேறொன்றாகச் செல்லும். ஃப்ளோமேக்ஸ் என்ற பெயர் அமெரிக்காவில் புராஸ்டேட் தொந்தரவுக்கான டாம்சுலோசின். அதே பெயர் இத்தாலியில் ஒரு வீக்க நிவாரணி. டைலகோர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது பிபிக்கான டில்டியாசெம், செர்பியாவில் அதே பெயர் டிகாக்சின். டிகாக்சின் கொஞ்சம் அளவு கூடினாலே நஞ்சாகக்கூடிய இதய மருந்து. பெயரை நம்பி ஒன்றுக்கு ஒன்று வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பொதுப்பெயர்தான் கதி. உலக சுகாதார நிறுவனம் மருந்துகளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான பெயர்களை 1950களிலிருந்து கொடுத்துவருகிறது. அதிலும் சில விதிவிலக்குகள் உண்டு. பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள், சால்பியூட்டமாலை ஆல்பியூட்ரால் என்பார்கள், கிளிபென்கிளமைடை கிளைபுரைடு என்பார்கள். உங்கள் பட்டியலில் இப்படி இரட்டைப் பெயர் உள்ளது இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டிலும் மாத்திரையை நிறத்தை வைத்து நினைவில் வைக்காதீர்கள். என் கணவர் அப்படித்தான் வைத்திருந்தார், "சாயங்காலம் ரோஸ் மாத்திரை" என்று. வார்ஃபரினுக்கு அமெரிக்காவில் ரோஸ் நிறம் 1 மி.கி., பிரிட்டனில் அதே ரோஸ் நிறம் 5 மி.கி. என்று படித்த அன்றைக்கே அவரை உட்கார வைத்து மில்லிகிராம் கணக்கில் சொல்லப் பழக்கினேன். ஒரு வாரம் பிடித்தது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அப்புறம், உங்கள் மருந்து அந்த நாட்டில் விற்கிறதா என்பது. கிளிக்ளசைடு சர்க்கரைக்குப் பல நாடுகளில் சர்வ சாதாரணம், அமெரிக்காவில் அது கிடையாது. வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோனும் அப்படித்தான். ரத்தம் உறையாமலிருக்க ஸ்பெயினில் பெரும்பாலும் அசினோகூமரால் கொடுப்பார்கள், ஜெர்மனியில் ஃபென்புரோகூமான். இரண்டும் வார்ஃபரினுக்கு உறவுதான், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஈடாகாது. அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் பொதுப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்காது என்று தெரிந்தால், மாற்று மருந்தைக் கிளம்புவதற்கு முன்பே, உங்களை அறிந்த டாக்டரின் கண்முன்னால் ஆரம்பித்துவிடுங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று மாதம் இருக்கும். நாட்டையும் மருந்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால், தலைசுற்றல் எதனால் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பொதுப்பெயர் ஒன்றாகவே இருந்தாலும் சில மருந்துகளில் கம்பெனி மாறினால் கவனம் தேவை. வார்ஃபரின், லெவோதைராக்ஸின், லித்தியம், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபைன், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் எல்லாம் இந்த வகை. இவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பில் தெரியும். நான் லெவோதைராக்ஸின் கம்பெனி மாறியதும் ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டதால் பார்த்தார்கள்.

உலோக வால்வு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வார்ஃபரினுக்குப் பதிலாக அடிக்கடி ரத்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. வேறு நோயாளிகளுக்கு அவை வசதிதான். உலோக வால்வுக்கு அவை ஆகாது. அப்படி மாற்றலாமே என்று யாராவது சொன்னால் வால்வு அட்டையை எடுத்துக் காட்டுங்கள்.

கொண்டுபோகக் கூடாதவை

ஒரு நாட்டில் சாதாரண மருந்து, இன்னொரு நாட்டில் விமான நிலையத்திலேயே விசாரணைக்கு ஆளாக்கும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம், குளோனசெபாம், வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றை எடுத்துப்போகிறவர்கள் முன்கூட்டியே விதியைப் பார்க்க வேண்டும். மூக்கடைப்பு மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தேவையான மருந்து கொண்டுபோகவும் முன்அனுமதிச் சான்று வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றுக்குக் கிளம்பும் முன்பே இணையத்தில் அனுமதி கேட்க வேண்டும். பிரிட்டனில் நரம்பு வலிக்கான பிரீகாபலினும் காபாபென்டினும் 2019 ஏப்ரலிலிருந்து கட்டுப்பாட்டு மருந்துகள். சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் பயணிகளுக்காக நாடுவாரியாக விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதைப் பாருங்கள், அப்புறம் அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அச்செடுத்து மருந்துப் பையிலேயே வையுங்கள்.

தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல நாடுகளில் மருந்துப் பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும். நின்ற பார்சலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் கையிலிருப்பது தீரும்.

பயண நாள்

மருந்து முழுவதும் கைப்பையில். அசல் அட்டையில், மருந்துச் சீட்டோடு. டப்பாவில் கொட்டி எடுத்துப்போனால் அது என்ன மாத்திரை என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. இரண்டு பேர் போகிறீர்கள் என்றால் ஒவ்வொருவர் பையிலும் இருவருடைய மருந்திலும் பாதிப் பாதி வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் தாங்கும்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் ஒன்றைக் கெடுத்தேன். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்று தெரியும். அதனால் உறைந்த ஐஸ் பேக்கை எடுத்து, அதை ஒட்டியே பேனாக்களை அடுக்கி, மேலே துணி சுற்றினேன். 14 மணி நேரப் பயணம். போய் இறங்கித் திறந்து பார்த்தால், ஐஸ் பேக்கைத் தொட்டுக்கொண்டிருந்த பேனாவில் மருந்து உறைந்திருந்தது. உருகிய பிறகு பார்த்தால் தெளிவாகத்தான் இருந்தது, எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. அதன் வேலை செய்யும் தன்மையை நம்ப முடியாது. தூக்கிப் போட்டேன். ஐஸ் பேக்குக்கும் பேனாவுக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்று இருந்தால் போதும். பெட்டியைச் சரக்குப் பகுதியில் போடவும் கூடாது, அங்கேயும் உறையலாம். பயன்பாட்டில் இருக்கும் பேனா அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் பெட்டியில் உள்ள தாளில் சரியான நாள் கணக்கும் வெப்ப வரம்பும் இருக்கும்.

குப்பியும் ஊசியுமாக இன்சுலின் போடுகிறவர்கள் ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குப்பியில் பெரும்பாலும் யு-40, யு-100 என்று இரண்டு செறிவு வரும், அந்த எண் ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பது. சில நாடுகளில் இரண்டும் புழங்குகின்றன, பல நாடுகளில் யு-100 மட்டும்தான். யு-40 சிரிஞ்சில் யு-100 மருந்தை அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். குப்பியை மாற்றும்போது சிரிஞ்சையும் சேர்த்து மாற்றுங்கள்.

நேர மண்டலம் மாறும் நாளில் இன்சுலினை எப்படிப் போடுவது என்று கடிதம் வாங்கும் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு, மணிவாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தோராயமாகச் செய்ய வேண்டாம்.

தீரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இறங்கியதும் எல்லோரும் வீடு, சமையலறை, இணைய இணைப்பு என்று ஓடுவார்கள். நான் நோட்டை எடுத்தேன். நான்கு பத்தி போதும். மருந்து, கையிருப்பு, ஒருநாள் செலவு, தீரும் நாள். மெட்ஃபார்மின் 168 இருக்கிறது, ஒருநாளைக்கு 2, ஆக 84 நாள். லெவோதைராக்ஸின் 90 நாள். வார்ஃபரின் 60 நாள்தான். ஏழில் எது முதலில் தீர்கிறதோ, அந்த நாள்தான் உங்கள் கெடு.

அந்தக் கெடுவிலிருந்து பின்னால் வாருங்கள். 14 நாள் கையிருப்பைத் தொடக்கூடாத இருப்பாக ஒதுக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் மருந்துக் கடை வரவழைத்துக் கொடுக்க ஒரு வாரம். அதற்கு முன்னால் டாக்டர் பார்க்க நேரம் கிடைக்க இரண்டு மூன்று வாரம், ஏனென்றால் பதிவு செய்து, அடையாளச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கொடுத்த பிறகுதான் நேரமே தருவார்கள். 60 நாள் என்று தெரிந்தது, கழித்துப் பார்த்தால் 20 நாள்கூட இல்லை. அதாவது இறங்கிய முதல் வாரத்திலேயே குடும்ப டாக்டரிடம் பதிவு செய்ய வேண்டும். உடம்பு சரியில்லாத அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

உங்கள் பழைய டாக்டரின் சீட்டைப் புது நாட்டு மருந்துக் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அவருக்கு அந்த நாட்டில் உரிமம் இல்லை என்பதுதான் காரணம். வீடியோவில் ஆலோசனை கேட்டாலும் இதே கதைதான், ஆலோசனை கிடைக்கும், செல்லுபடியாகும் சீட்டு கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் ஒரு நாட்டுச் சீட்டை இன்னொரு உறுப்பு நாட்டில் கொடுக்கலாம், அதிலும் மருந்தின் பொதுப்பெயரும் டாக்டரின் விவரங்களும் இருக்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே ஏழு மருந்துக்கும் சீட்டு கேட்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு நேர்மாறு. பட்டியலை முழுசாக நீட்டுங்கள், ஆனால் முதலில் தீரும் மருந்து எது என்று வட்டம் போட்டுக் கொடுங்கள். நேரம் போதாமல் போனால் அதையாவது எழுதிவிடுவார். தொடர்ந்து வாங்கும் சீட்டு உண்டா, எத்தனை தடவை வாங்கலாம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நேரில் வரவேண்டும், அடுத்ததை எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும் என்பவற்றை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது, ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு வேண்டியிருக்கும்.

பெட்டிக்கு எத்தனை மாத்திரை என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் 28, ஓரிடத்தில் 30, ஓரிடத்தில் 100. ஒரு மருந்து 28-லும் இன்னொன்று 30-லும் வந்தால், ஆறு மாதத்தில் தீரும் நாட்கள் இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் விலகிவிடும். எல்லாம் ஒரே நாளில் தீரும்படி ஒருமுறை கூடுதலாகவோ குறைவாகவோ கொடுத்து ஒழுங்கு செய்ய முடியுமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். எங்களுக்கு அப்படிச் செய்து கொடுத்தவர் அவர்தான். முதல்முறை போனபோது என் நோட்டை வாங்கி, தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து ஒப்பிட்டார். எங்களுக்கு மொழி அரைகுறை. மில்லிகிராம் எண்ணுக்கு மொழி தேவைப்படவில்லை. எப்போதும் ஒரே கடையில் வாங்குங்கள். இரண்டு டாக்டர் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று மோதினால் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் ஆன்டிபயாட்டிக் எது வாங்கினாலும் அவரிடம் சொல்ல வேண்டும். சில ஆன்டிபயாட்டிக்குகள் ரத்தம் உறையும் அளவையே மாற்றிவிடும்.

எண்கள் மாறும், பயப்படாதீர்கள்

இங்கே வந்து முதல் ரிப்போர்ட்டில் என் சர்க்கரை 7.2 என்று இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சில நாடுகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில நாடுகள் லிட்டருக்கு மில்லிமோல் என்றும் எழுதும். சர்க்கரைக்கு 18-ஆல் பெருக்கினால் பழைய எண் வந்துவிடும். 7.2 என்பது 130. மூன்று மாத சராசரி சர்க்கரையிலும் இரண்டு முறை உண்டு, 6.5 சதவீதம் என்பது இன்னொரு முறையில் 48, 7 சதவீதம் என்பது 53. கிரியேட்டினின் 1 என்பது 88 ஆகிவிடும், அதைப் பார்த்து சிறுநீரகம் போய்விட்டது என்று அலற வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கு 38.7-ஆல் பெருக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் மீட்டரிலும் இந்த அளவுமுறை மாறும் என்பதால், புதுசு வாங்கும்போது அதில் எந்த அலகு காட்டுகிறது என்று பார்த்து வாங்குங்கள், அதற்கான ஸ்ட்ரிப்பும் அங்கே கிடைக்க வேண்டும். வார்ஃபரின்காரர்களுக்கு ஒரு நிம்மதி. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எந்த நாட்டிலும் ஒரே எண்தான்.

காப்பீடு

இதில் நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதால் எல்லோருக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். பயணக் காப்பீடு என்பது திடீர் அவசரத்துக்கு. மாதாமாதம் வாங்கும் மருந்துக்கோ பழைய நோய்க்கோ பெரும்பாலும் அது வராது. குடியேறுகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தனி. ஏற்கெனவே உள்ள நோய்களை ஒன்று விடாமல் எழுதுங்கள். மறைத்தால் கட்டணம் குறையும், ஆனால் தேவைப்படும் அன்றைக்கு அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், வெளிநோயாளி மருந்துச் செலவு சேருமா, எத்தனை வயதுக்கு மேல் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

விட்டுவரும் நாட்டின் உரிமை என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்காது. அதற்காக டாக்டர், வெளிநோயாளிச் செலவுகளுக்கான அதன் பி பகுதியை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பிச் சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட நேரிடலாம். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் அங்கே வசிப்பவர்களுக்கானது. ஆனால் அரசு ஓய்வூதியம் பெறுகிறவர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்குக் குடிபோனால் எஸ்1 என்ற படிவம் மூலம் அந்த நாட்டு மருத்துவத்தைப் பெற வழி இருக்கிறது. ஸ்பெயினில் வேலை செய்யாமல் வசிப்பதற்கான விசாவுக்கு முழுமையான மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும்.

இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கட்டும்

தம்பதியாகப் போகிறவர்களில் பெரும்பாலும் ஒருவர்தான் மருந்தைக் கவனிப்பார். எங்கள் வீட்டில் அது நான். இரண்டாவது வருஷம் நான் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக நான்கு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, என் கணவர் ஃபோனில் கேட்டார், "இன்றைக்கு வார்ஃபரின் 3-ஆ, 4-ஆ?" அவருடைய அளவு நாளுக்கு நாள் மாறும். நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு மயக்கம் தெளிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான் பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற நினைப்பு என்னை இன்றைக்கும் விடுவதில்லை.

வீடு திரும்பியதும் செய்தவை இவை. ஃபிரிட்ஜ் கதவில் இருவரின் மருந்துப் பட்டியல், அந்த ஊர் மொழியிலும் நம் மொழியிலும். இருவர் பர்ஸிலும் ஓர் அட்டை, அதில் நோய், மருந்து, ஒவ்வாமை, ரத்த வகை, கூப்பிட வேண்டிய ஆள். ஃபோன் பூட்டியிருந்தாலும் பார்க்கக்கூடிய மருத்துவக் குறிப்பு. அவசர எண் எது என்று மனப்பாடம், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. "மார்பு வலிக்கிறது", "ரத்தம் நிற்கவில்லை", "சர்க்கரை இறங்கிவிட்டது", "இவர் வார்ஃபரின் சாப்பிடுகிறார்", எங்கள் முகவரி என்று ஐந்து வாக்கியங்களை அந்த மொழியில் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகினோம். தனியாகப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவரிடம் அட்டையின் நகலைக் கொடுத்து வையுங்கள்.

நோட்டை இப்போது முறை வைத்து எழுதுகிறோம். ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவர். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் எண்ணி எழுதுவார், மற்றவர் திரும்ப எண்ணிச் சரிபார்ப்பார். இந்த மாதம் அவர் முறை. மெட்டோபிரோலால் 41, தீரும் நாளுக்கு நேரே அடுத்த சீட்டு கேட்க வேண்டிய தேதியையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். நான் அட்டைகளைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். 41 சரியாக இருந்தது.